செத்தவன் வரும் நாடகம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளை பெற்றேன், ஏழு பிள்ளை வளர்த்தேன். ஏழாவது பிள்ளை என் கடைசி மகளைக் கட்டிய மருமகன். கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஆட்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உம்மாவும் வாப்பாவும் இல்லாமல் வந்த அந்தப் பிள்ளைக்கு நான் என் கையால் சோறு போட்டேன், காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். மீசை வைத்த ஆளையா வளர்த்தாய் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வளர்த்தவள் நான், கணக்கும் என்னுடையது.

படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் எந்த அரசாங்கக் கந்தோரிலும் நான் பெருவிரலை மையில் தோய்த்ததில்லை. பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆகையால் இதையும் நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான் போகும்.

எழுதப் போவது அந்த மருமகன் சொன்ன ஒரு பேச்சைப் பற்றி. டீவி நாடகம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து ஒரு நாளில் பழுதாகத் தொடங்கும் அல்லவா, அந்த நாளுக்கு அவர் வைத்த பேச்சு அது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடும் அதைச் சொல்லிச் சிரித்தது. பிறகு பல வருடம் ஒருவரும் அதை வாயில் எடுக்கவில்லை.

அவர் வந்த புதிதில் நான் அவர் முன்னால் வரமாட்டேன். புது மருமகனுக்கு மாமி முகம் காட்டுகிற வழக்கம் எங்கள் காலத்தில் இல்லை. சோற்றைப் போட்டு மகளிடம் கொடுத்துவிடுவேன். ஆனால் டீவி நடு மண்டபத்தில் இருந்தது. பொழுது பட்டதும் மஃரிப் தொழுதுவிட்டு அவர் கதிரையில் உட்கார்ந்து பார்ப்பார். நான் உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் பாயைப் போட்டு, சீலையின் இடுக்கால் பார்ப்பேன். மகள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நிலையில் சாய்ந்து நிற்பாள்.

அப்போது ஓர் இந்திய நாடகம் ஓடியது. அதில் மூத்த அண்ணன் செத்து, ஊரே அழுது, எரித்தும் முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று பார்த்தால் அந்த அண்ணன் பெட்டியும் கையுமாக வாசலில் நிற்கிறான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து மருமகன் சொன்னார்:

“மாமி, செத்தவன் வந்துட்டான். இனி டீவிய நூருங்க.”

விளக்கை அணைப்பதை நாங்கள் நூர்ப்பது என்போம். அவர் என்னோடு கதைத்த முதல் கதை அதுதான். எனக்குக் கோபம் வந்தது. வெட்கத்தை மறந்து திரைக்குள்ளிருந்து பதில் சொன்னேன்.

“செத்த மனிசன் திரும்பி வந்திருக்கான். சந்தோசப்படாம நூரட்டாம்! என்ன கல்நெஞ்சு, மகன், உங்களுக்கு?”

“எரிச்ச ஆள் எப்படி மாமி சூட்கேசோட வருவான்? கதை எழுதுறவன்ட கையில சரக்கு முடிஞ்சிட்டு. சரக்கு முடிஞ்சாத்தான் செத்தவன எழுப்புவான். இனிப் பாருங்க, ஒரு கிழமையில பாம்பு வரும்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாம்பு ஒரு கிழமை எடுக்கவில்லை, நாலு நாளில் வந்தது. அதற்குப் பிறகு எனக்கும் அவருக்கும் நடுவில் திரைச்சீலை இருக்கவில்லை.

மருதமுனைத் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, சவளக்கடை, சாகாமம் என்று வயல் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். பாதி சேலை அவர் வாயால்தான் விலைப்படும். அந்தப் பேச்சும் அவரோடு ஊர் ஊராகப் போனது. தேர்தலில் தோற்ற ஆள் மறு தேர்தலுக்கு மாலையோடு வந்தால் எங்கள் ஒழுங்கையில் சொல்வார்கள், “செத்தவன் வந்துட்டான்.” தேநீர்க் கடையில் பழைய சாயத்துக்கே திரும்பத் தண்ணீர் ஊற்றினாலும் அதையே சொல்வார்கள். மற்றவர்களும் தங்கள் தங்கள் கைக்கு ஏற்றபடி ஒவ்வொன்று வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் தையல் தைக்கிற பெண், நாடகம் இழுபட்டால், “நூல் முடிஞ்சும் மிசின மிதிக்காங்க” என்பாள். கல்முனைத் தமிழ் ஆட்களின் பக்கமிருந்து கூடையில் மீன் கொண்டுவருகிற பெண் ஒருத்தி இருந்தாள். பகல் நாடகம் போகும்போது எங்கள் குசினி வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். “கண் உள்ள போயிட்டு ராத்தா. ஐஸ்ல வெச்சு விக்காங்க” என்று, கெட்ட மீனுக்குச் சொல்கிறதை நாடகத்துக்குச் சொல்லிக் கூடையைத் தூக்குவாள். ஆனாலும் மருமகனின் பேச்சுத்தான் நிலைத்தது.

கடல் ஊருக்குள் வந்த நாள், பிறகு சுனாமி என்றார்களே, அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கரைவலை இழுக்கிறார்கள், உயிர் மீனாக வாங்கி வருகிறேன் என்று அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர்களின் பெண்பிள்ளைக்கு அப்போது நடை வரத் தொடங்கியிருந்தது. சத்தம் கேட்டதும் நான் பிள்ளையைத் தூக்கினேன், மகள் என் கையைப் பிடித்தாள், மேற்கே வயல் பக்கம் ஓடினோம். ஓடியவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல வரவில்லை.

மோட்டார் சைக்கிளைக் கண்டெடுத்தார்கள். ஒரு தென்னையின் அடியில் வளைந்து கிடந்தது, மகள் தைத்துப் போட்ட சீற் உறை அப்படியே இருந்தது. ஆளைக் காணவில்லை. என் ஆண்மக்கள் பள்ளிவாசல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் வரிசையாகக் கிடத்திய மையித்துகளின் முகங்களைத் திறந்து திறந்து பார்த்தார்கள். அடையாளம் தெரியாமல் ஒன்றாக அடக்கியவர்களுக்குள் அவரும் இருக்கக்கூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கண்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் மார்க்கத்தில் புருஷன் மௌத்தானால் பெண் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், வீட்டுக்குள் இருப்பது. என் புருஷனுக்காக நானும் இருந்தவள். அதைச் சிறை என்று நினைப்பவர்கள் இருந்து பார்க்காதவர்கள். அந்த அறைக்குள் துக்கப்படுவதைத் தவிர உனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒருவரும் உன்னிடம் சோறு கேட்க மாட்டார்கள். அழுது முடித்து வெளியே வரும்போது கால் கொஞ்சம் தள்ளாடும், ஆனால் நடக்கும். என் மகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

மௌலவி, கடலுக்குப் பிறகு எங்களை இருத்திய தகரக் கொட்டிலுக்கு வந்து, தடுப்புக்கு வெளியே நின்று சொன்னார்.

“கடல்ல போன ஆள் சஹீது, மகள், சொர்க்கத்து ஆள். சபூர் செய்யுங்க, பொறுத்துக்கங்க. மனசில நிய்யத்து வெச்சு இத்தா இருங்க.”

“மையித்தக் காட்டுங்க மௌலவி, வெள்ள உடுக்கிறன்.”

“கிடைக்காத மையித்த நான் எங்க போய்க் காட்டுற?”

“அப்ப அவரு மௌத்தாகல்ல.”

நல்ல மனிதர். கோபப்படவில்லை. போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார், காணாமல் போன ஆளுக்கு, மௌத்துத்தான் என்று முடிவு எடுக்கிற நாளிலிருந்துதான் இத்தா என்று. முடிவு வரட்டும், நெருக்காதீர்கள் என்றார். நான் நெருக்கவில்லை. ஆனால் அந்த முடிவு எந்தப் பக்கமிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

கொட்டில்களில் இருந்த காலத்தில், சவூதியிலிருந்த என் மூத்த மகன் ஒரு சின்ன டீவி வாங்கித் தந்தான். எங்கள் வரிசையில் டீவி இருந்தது எங்களிடம் மட்டும். புதிதாக ஒரு நாடகம் தொடங்கியிருந்தது. கலியாணம் முடித்துக் கொஞ்ச நாளில் மாப்பிள்ளை படகில் போய்க் காணாமல் போகிறான். எல்லோரும் தலை முழுகிவிட்டார்கள், பெண் மட்டும் பொட்டை அழிக்க மாட்டேன் என்கிறாள். அதைப் போடாதே என்று நான் சொல்வதற்குள் மகள் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“பாருங்க உம்மா, அவள் பொட்டழிக்கல்ல.”

முதல் வருடம் அந்த நாடகம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. கொட்டில் நிறையப் பெண்கள் வந்து பார்த்து அழுதார்கள். அவரவர் வீட்டில் போனவர்களுக்காக அழ அந்த அரை மணித்தியாலம் இடம் கொடுத்தது. என் மகள் மட்டும் அழாமல் பார்ப்பாள், பரீட்சை எழுதுகிற பிள்ளையைப் போல.

பிறகு நாங்கள் வயல் பக்கம் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்தோம். நாடகமும் எங்களோடு வந்தது. வரவரக் கெட்டது. அந்தப் பெண்ணின் மாமியார் நல்லவளாக இருந்து கெட்டவளானாள், திரும்ப நல்லவளானாள். பெண்ணுக்குக் கண் தெரியாமல் போனது, கண் வந்தது. நீதிமன்றம் வந்தது. பாம்பும் வந்தது. பார்க்க வருகிற பெண்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். தையல்காரப் பெண் நூலையும் மிசினையும் சொல்லிவிட்டு எழுந்து போனவள் பிறகு வரவில்லை. மீன்காரப் பெண், “இது கருவாடாகியும் போயிட்டு ராத்தா” என்றாள். எல்லாம் சொன்னார்கள், மருமகனின் பேச்சை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. என் மகள் இருக்கிற இடத்தில் அதைச் சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

கடைசியில் அந்த நாடகத்தைப் பார்க்க நாங்கள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். அவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நாடகத்தில் ஒரு நாளைக்கு அவன் வருவான். எந்த நாடகத்திலும் வந்திருக்கிறான். வந்த பிறகு என் பிள்ளை என்ன ஆவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் இருந்தேன்.

இதற்கிடையில் யுத்தம் முடிந்தது. ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். கொளுத்தாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மகள் கேட் வாசலில் போய் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உம்மா, இனிப் பாதையெல்லாம் தொறப்பாங்க தானே? காட்டுக்குள்ள இருந்த ஆக்கள் எல்லாம் வெளிய வருவாங்க தானே?”

“வருவாங்க மகள். இவரு காட்டுக்குப் போகல்லயே.”

“கடல் எங்க கொண்டு ஒதுக்கிச்சு எண்டு ஆருக்குத் தெரியும்? வடக்கால ஒதுக்கியிருந்தா? நினைவு தப்பிப் போயிருந்தா?”

அப்படிக் கதைகள் ஊரில் உலாவின. கடல் தூக்கிப்போட்ட ஒருவரைத் தூரத்து ஊரில் கண்டார்கள், பெயர் மறந்துபோய் இருக்கிறார் என்று. சொன்னவனைத் தேடினால் அவனுக்கு இன்னொருவன் சொல்லியிருப்பான்.

மீன்காரப் பெண்ணின் மகனை, பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில், இயக்கம் சண்டைக்குக் கொண்டுபோயிருந்தது. யுத்தத்திலிருந்து வந்தவர்களைக் கம்பிக்குள் வைத்திருந்த வவுனியா முகாம்களுக்கு அவள் தேடிப் போகப் புறப்பட்டாள். என் மகள் கலியாணப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மீன்காரப் பெண் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சேலையில் துடைத்துவிட்டுத்தான் அதை வாங்கினாள். தன் மகனின் படத்தோடு ஒன்றாக வைத்து, நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றினாள்.

“ரெண்டு பேரையும் கேட்டுப் பாக்கிறன் தங்கச்சி. ஒராளக் கண்டாலும் கூட்டிற்று வந்திருவன்.”

போனவள் திரும்பி வரப் பல நாள் ஆனது. வந்த அன்று கூடை இல்லாமல் வந்தாள். அதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. படத்தை மகளின் கையில் கொடுத்தாள்.

“கம்பிக்கு அங்கால நிண்ட முகமெல்லாம் பாத்தன். எல்லாரும் என்னயத்தான் பாத்தாங்க, அவங்கட ஆரையோ தேடி.”

என் மகள் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அன்றும் அழவில்லை.

அந்த மாதங்களில்தான் நாடகத்திலும் அவன் வரப்போகிறான் என்று தெரிந்தது. ஒரு கிழமை முழுக்கக் காலைத்தான் காட்டினார்கள். கால் படகிலிருந்து இறங்கும், மணலில் நடக்கும், அதோடு அன்றைக்கு முடிந்துவிடும். மறுநாள் திரும்பக் கால். வேறு நாளென்றால் நான் சிரித்திருப்பேன். அவன் முகம் காட்டுகிற அன்று என் மகள் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கே குளித்து, பெருநாளைக்கு உடுக்கிற சேலையை உடுத்தி, பிள்ளைக்கும் தலைவாரி விட்டிருந்தாள்.

நாடகத்தில் வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் அவன் நின்றான். முகம் வேறு. நாலு வருடமாகச் சுவரில் மாலை போட்டுக் காட்டிய முகமில்லை, இன்னொரு நடிகனின் முகம். கீழே எழுத்து ஓடியது. நான் கூட்டி முடிப்பதற்குள் போய்விட்டது. மகள் வாசித்தாள்:

“இனி இவருக்குப் பதில் இவர்.”

அந்தப் பெண் ஓடிவந்து அவன் மேல் விழுந்து அழுதாள். பாட்டுப் போட்டார்கள்.

“உம்மா, இவள் ஆரக் கட்டிப் புடிக்காள்?”

“புருசனத்தான் மகள். நடிக்கிற ஆள மாத்தியிருக்காங்க.”

“இது அவன்ட முகமில்லயே. அவளுக்குத் தெரியாதா?”

மருமகனின் அந்தப் பேச்சு என் தொண்டைவரைக்கும் வந்தது. அவர் இருந்திருந்தால் இந்த நேரம் கதிரையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருப்பார். நான் எச்சிலோடு விழுங்கிவிட்டேன்.

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கதைத்தாள்.

“தெரிஞ்சுதான் புடிக்காள் உம்மா. அவளுக்கு ஆராச்சும் வந்தாப் போதும். அந்தப் பேரோட ஒராள் வந்தாப் போதும்.”

பாட்டு முடியும்வரை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“எனக்கு ஆராச்சும் வந்தாப் போதாதும்மா. அவருதான் வரணும். அவரு வர மாட்டாரு.”

எழுந்து போய் டீவியை நூர்த்தாள். நூர்த்த கையை எடுக்காமல், அந்தக் கண்ணாடி மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பிள்ளை பயந்து என் மடியில் ஏறியது. நான் போய்ப் பிடிக்கவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

காலையில் நானே மருதமுனைக்குப் போனேன். மருமகன் சேலை எடுக்கிற தறிக்காரரிடம்தான் வெள்ளை கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. வெட்டி மடித்து, இரண்டு கையாலும் தந்தார்.

அவள் இத்தா இருந்தாள். டீவியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினோம். பெண்கள் வந்து அவளோடு இருந்து ஓதினார்கள், துஆக் கேட்டார்கள். மீன்காரப் பெண்ணும் வந்தாள். வெள்ளை உடுத்த என் மகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு இருக்கிறத்துக்கு ஒரு அறை இருக்கு தங்கச்சி. முடியிறத்துக்கு ஒரு நாள் இருக்கு. நான் எங்க போய் இருக்கிற, பிள்ள?”

என் மகள் நகர்ந்து, பாயில் இடம் விட்டாள். அவள் உட்கார்ந்தாள். அன்று முழுக்க மீன் விற்கப் போகவில்லை. அதற்குப் பிறகும் அவள் கூடையோடு வந்தாள், படத்தைப் பையில் வைத்துக்கொண்டே வந்தாள். மௌத்தாகும் வரைக்கும் அவளுக்கு ஒரு செய்தியும் வரவில்லை.

அந்த நாடகம் இத்தாவுக்குள் முடிந்து போனது. எப்படி முடிந்தது என்று எங்களுக்குத் தெரியாது. சொல்ல வந்த தையல்காரப் பெண்ணை நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன்.

பிறகு என் மகளைக் கேட்டு நல்ல இடங்களிலிருந்து வந்தார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வற்புறுத்தவுமில்லை. அவள் நடக்கிறாள், சிரிக்கிறாள், கலியாண வீடுகளுக்குப் போகிறாள், அவர் நினைவாக ஓதுகிற கத்தத்துக்கு ஒவ்வொரு வருடமும் கஞ்சி காய்ச்சுகிறாள். எனக்கு அது போதும்.

போன நோன்புக்கு முன்னால், பேத்தி போனில் ஏதோ நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். நடை பழகுகிற வயதில் நான் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைதான், இப்போது கம்பசில் படிக்கிறாள். திடீரென்று போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு, “செத்தவன் வந்துட்டான், நூருங்க” என்றாள். குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்த அவள் உம்மாவின் கை நின்றது. பிறகு கழுவினாள்.

“எங்க புள்ள பழகின இந்தக் கதைய?” என்று கேட்டேன்.

“எல்லாரும் சொல்ற தானே மூத்தம்மா. மாமாட புள்ளைகளும் சொல்றாங்க. ஏன், பழைய ஆக்கள்ட கதையா?”

அவளுக்கு அவள் வாப்பாவின் முகம் படத்தில் இருக்கிறது. குரல் எதிலும் இல்லை. அவர் எப்படிக் கதைப்பார் என்று சின்ன வயதில் என்னைக் கேட்டிருக்கிறாள், எனக்குச் செய்து காட்டத் தெரியவில்லை. ஊரார் வாயெல்லாம் சுற்றிவிட்டு அவருடைய அந்தப் பேச்சு அவள் வாய்க்கு வந்திருக்கிறது, யாருடையது என்று தெரியாமல். அதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன். அவள் உம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். “எழுதுங்க உம்மா, அவளுக்குத் தெரியத்தான் வேணும்” என்றாள். “ஆனா எனக்கு அதக் கேட்டுக்கிட்டு இருக்க ஏலாது” என்றாள்.

இந்தா பேத்திப் பிள்ளை, எழுதி முடித்துவிட்டேன். பக்கத்தில் வந்து இருந்து, முதலிலிருந்து வாசி. எழுத்துப் பிழை கண்டால் பிறகு சொல், இப்போது நிறுத்தாதே. மெதுவான குரலில் வாசி, எனக்குக் கேட்டால் போதும். உன் உம்மா குசினியில் பாத்திரம் கழுவுகிறாள். தண்ணீர்ச் சத்தம் நின்றால் நீயும் நிறுத்திவிடு.